மூன்றாவது நாற்காலியின் சால்வை

அந்த அறைக்கு யாரும் வருவதில்லை. ஆனாலும் அது தினமும் தயாராக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அவள் காலையில் வந்து விளக்குகளைப் போடுவாள். அரைவட்ட மேஜையைத் துடைத்து, ஏழு நாற்காலிகளுக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலும் டம்ளரும் வைப்பாள். பிறகு ஒவ்வொரு மைக்காக அழுத்தி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, "கேக்குதா?" என்பாள். எதிர்ச்சுவரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மைக்காரர் கட்டைவிரலை உயர்த்துவார்.

நாடுகளுக்குள் வியாபாரச் சண்டை வந்தால் தீர்த்துவைக்கிற அலுவலகம் அது. முதல் விசாரணை கீழ்மாடியில் நடக்கும். அதில் தோற்ற நாடு அப்பீல் செய்தால் மேல்மாடியில் இந்த அறை. ஒரு நீதிபதியின் பதவிக்காலம் முடிந்தால் இன்னொருவரை நியமிக்க எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு பெரிய நாடு சம்மதிப்பதை நிறுத்திக்கொண்டது. கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் 'இப்போது வேண்டாம்' என்று மட்டும் சொன்னது. இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாகப் போனவர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா.

அப்பீல்கள் மட்டும் நிற்கவில்லை.

"தோத்தவனுக்கு இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?" என்பார் மைக்காரர். "மேல போட்டிருக்கேன்னு சொல்லிட்டா போதும். மேல ஆளே இல்ல. முடியாத கேஸ்ல எவனும் தோக்க மாட்டான். நம்ம மைக்கு மட்டும் கணீர்னு கேக்குது."

மூன்றாவது நாற்காலி அம்மா போன அன்று தன் கறுப்புச் சால்வையை நாற்காலி முதுகிலேயே விட்டுவிட்டுப் போனார். நீதிபதியின் இடத்தில் இருக்கும் பொருளை அவர் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது என்பது அறையின் விதி. அனுமதி கேட்க அவர் இல்லை. அதனால் சால்வை அங்கேயே இருந்தது. அவள் அதை எடுக்காமலே பிரஷ்ஷால் தூசி தட்டுவாள். அப்போது ஒரு தோளைத் தொட்டுவிடாமல் ஒதுங்குவதுபோல அவள் கை தானாகவே ஒதுங்கும்.

நாற்காலிகள் சுழலக்கூடியவை. மாலையில் எல்லாவற்றையும் மேஜையைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போவாள். காலையில் மூன்றாவது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும்.

"அதுக்கு அடியிலதான் வெந்நீர்க் குழாய் போகுது. தரை உப்பும், சக்கரம் நகரும்," என்றார் மைக்காரர். "பேயா இருந்தா மேஜையையும் தொடச்சு வெச்சுட்டுப் போகக் கூடாதாம்மா? உனக்குப் பாதி வேலை மிச்சம்."

அவளும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு ஒன்று தெரியும். அந்த நாற்காலிகளில் யாராவது இருக்கிறார்கள் என்றால் அவர்கள் அவள் வாயிலிருந்து வந்தவர்கள்.

அவள் தம்பி, பிறந்த ஊரில், கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் உலைக்காரன். உலைக்கு அங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் பெரியவர். பெரியவருக்குப் பசி, பெரியவர் இன்னைக்குக் கோபமாயிருக்கார் என்றுதான் பேசுவார்கள். பாட்டில்களில் முக்கால்வாசி அந்தப் பெரிய நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் அடக்கவிலைக்கும் கீழே விற்று எங்கள் ஆலைகளை ஒழிக்கிறீர்கள் என்று அந்த நாடு கூடுதல் வரி போட்டது. ஆர்டர் நின்றது. தம்பியின் நாடு வழக்குப் போட்டுக் கீழ்மாடியில் ஜெயித்தது. மறுமாதமே பெரிய நாடு அப்பீலுக்குப் போனது; அது முடியும்வரை வரி அப்படியே இருக்கும்.

"அக்கா! கேஸு மேல வந்துடுச்சாமே! உன் ரூமுக்கே வந்துடுச்சு!" என்று தம்பி போனில் கத்தினான். பின்னால் உலை எப்போதும்போல உறுமிக்கொண்டிருந்தது. "ஜட்ஜுங்க என்னக்கா பண்றாங்க?"

மூன்றாவது நாற்காலி அம்மா போய் அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பாத்துக்கிட்டு இருக்காங்கடா," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? யோசித்துச் சொல்லவில்லை. வீட்டில் இல்லாத மனிதரைத் தேடி யாராவது வந்தால் 'இப்ப வந்துடுவார், உக்காருங்க' என்கிறோமே, அந்த மாதிரி வாயில் வந்தது. அடுத்த முறை அவன் கேட்டபோது அதே பதில் தயாராக இருந்தது. அதற்கடுத்த முறை அதில் கொஞ்சம் சதை சேர்ந்தது. மூன்றாவது அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார் என்றாள். ஓரத்து மனிதர் வெந்நீர்தான் குடிக்கிறார் என்றாள். தம்பி அதைப் போய் உலையடியில் சொல்வான். மறுநாள் அவர்கள் எல்லோரும் வெந்நீர்க்காரரைப் பற்றி விசாரிப்பார்கள்.

அது அவளுக்குப் பிடித்திருந்தது. இதைத்தான் அவளால் தனக்குள்ளே நேராகப் பார்க்க முடியவில்லை. பிறந்த வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை; கல்யாணம் உட்பட. இப்போது ஒரு தொழிற்சாலையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. போனை வைத்த பிறகும் காது சூடாக இருக்கும். அறைக்குள் திரும்பிப் போனால் ஓரத்து இருக்கையில் டம்ளர் லேசாக நகர்ந்திருப்பதுபோலத் தோன்றும்.

உலையை அணைக்காமல் வைத்திருந்தார்கள். பாட்டில் எதுவும் வெளியே வரவில்லை, ஆனால் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி கல்லாகிவிடும், சுவர்ச் செங்கல் வெடித்துவிடும், பிறகு இடித்துத்தான் கட்ட வேண்டும். கட்ட முதலாளியிடம் தெம்பில்லை. தீர்ப்பு வந்தால் ஆர்டர் வரும், அதுவரை உயிரைப் பிடித்து வைப்போம் என்று சில பேர் மட்டும் பாதிச் சம்பளத்தில், ராத்திரி பகலென்று பாராமல் உலையைக் காத்தார்கள். அவர்களுக்குத் தலைவன் தம்பி.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அடியில் தம்பி ஆலையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். "விருந்துக்குப் போன இடத்துல பாட்டிலைக் கவுத்துப் பாக்குற ஒரே பொம்பளை நீதான்," என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, சிரிக்காமல், "உன் தம்பிகிட்ட உண்மையைச் சொல்லிடேன்," என்றார்.

அவள் சொல்லவில்லை. அதற்குள் போனில் வந்தது தம்பி பெண்டாட்டி.

"அண்ணி, நான் பேசுறது அவருக்குத் தெரியாது. போன வாரம் உலை வாசல்லயே மயங்கி விழுந்துட்டாரு. கூட இருந்தவங்க காலைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. சட்டைக் கை பொசுங்கிப்போச்சு. கேட்டா, பழைய சட்டைதானேங்கிறாரு."

"ஐயோ, என்கிட்ட சொல்லவே இல்லையே..."

"உங்ககிட்ட எப்படிச் சொல்வாரு? அவரு உங்ககிட்ட கேக்குறதுக்குல்ல பேசுறாரு." மூச்சு வாங்கியது. "எங்க அண்ணன் பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்ல இடம் சொல்லி வெச்சிருக்கு. சனிக்கிழமைக்குள்ள போகணும். இவரு, அக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும்ங்கிறாரு. முதலாளியும் இவர்கிட்டதான் கேக்குறாராம், உங்க அக்கா என்ன சொல்றாங்கன்னு. தீர்ப்பு வரும்னா எரியட்டும், வராதுன்னா அணைச்சிடுவோம்னு. நீங்க சொல்லுங்க அண்ணி. வருமா?"

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"நீங்க பேசாம இருக்கறதுலயே தெரியுது," என்றாள் தம்பி பெண்டாட்டி. "அவர்கிட்டயும் ஒரு தடவை இப்படிப் பேசாம இருந்து பாருங்களேன்."

மறுநாள் காலை, மைக் சோதனை பாதியில் நிற்க, அவள் அந்த அறையிலிருந்தே தம்பிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் அவன் முகம் ஆரஞ்சு வெளிச்சத்தில் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"என்னடா, பாதி ஆளாயிட்ட?"

"மீதியைப் பெரியவர் தின்னுட்டாரு," என்று சிரித்தான்.

"ரூமைக் காட்டறேன். பாரு."

"நிஜமாவா? டேய், வாங்கடா! அக்கா கோர்ட்டைக் காட்டுது!"

திரையில் தலைகள் நெருக்கியடித்தன. ஒருவர் அவசரமாக விரலால் தலைமுடியைக் கோதிக்கொண்டார், நீதிபதிகள் தன்னைப் பார்க்கப்போகிறார்கள் என்பதுபோல. அவள் போனைத் திருப்பி மேஜையின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நகர்த்தினாள். நாற்காலி. பாட்டில். நாற்காலி. பாட்டில். அங்கே உலையின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை.

"சாப்பிடப் போயிருக்காங்களாக்கா?"

"இல்லடா."

"அதோ, ஒரு அம்மா இருக்காங்களே," என்றான் தம்பி. குரல் பணிவாகிவிட்டது. "முதுகைக் காட்டிக்கிட்டு. அவங்கதான் மூணாவது அம்மாவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி ஜன்னலைப் பார்த்திருந்தது. உயர்ந்த முதுகின் மேல் கறுப்புச் சால்வை, அதன் மேல் வெளியே இருந்து வந்த மங்கல் வெளிச்சம். ஒரு நொடி அவளுக்கும் தெரிந்தது. சலித்துப்போன ஒரு தோள், மூச்சு விட்டு இறங்கியது. 'பாத்துக்கிட்டு இருக்காங்கடா' என்ற வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் அந்த அம்மா திரும்பி உட்கார்ந்துவிடுவார் என்றுகூட அவளுக்குப் பட்டது. சொன்னால் உலை எரியும். தம்பி அதன் வாசலில் நிற்பான்.

அவள் போய்ச் சால்வையைப் பிடித்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. வெந்நீர்க் குழாய், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதை உருவி எடுத்தாள். நாற்காலியைத் திருப்பி, அதில் உட்கார்ந்து, போனைத் தன் முகத்துக்கு நேரே மேஜையில் சாய்த்து வைத்தாள்.

"பாரு. சால்வைதான். யாரும் இல்லடா. ஏழு இடமும் காலி. நீ முதல்ல கேட்டியே, அன்னைக்கே காலி. எப்ப ஆள் போடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது."

திரையிலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் தம்பி மட்டும் இருந்தான்.

"அப்ப இத்தனை நாளா யாருக்கா பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

"நான்தான்டா."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் உலைப் பக்கம் திரும்பி, வீட்டில் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அணைச்சிடவா?"

எத்தனையோ பேர் இருக்க, அதை அவளிடம்தான் கேட்டான். சின்ன வயதில் கடைக்குப் போகவா என்று கேட்ட அதே குரல்.

"அணைச்சிடு. சனிக்கிழமை டிப்போவுக்குப் போ."

அவள் குரல் அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் அவளிடமே திரும்பி வந்தது. முழங்கை மைக்கின் மேல் இருந்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மைக்காரர் எழுந்து நின்று, காதிலிருந்ததைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

சால்வையை மடித்துக் கீழே தொலைந்த பொருட்கள் வைக்கும் இடத்தில் கொடுத்தாள். விதியை மீறியதற்கு யாரும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் யார் என்பதே யாருக்கும் தெரியவில்லை போலும். மறுநாள் காலையில் ஏழு நாற்காலிகளும் நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடி மேஜையைப் பார்த்திருந்தன. அது அவளுக்கு முன்பைவிடப் பயமாக இருந்தது.

தம்பி பல நாள் பேசவில்லை. அவன் பெண்டாட்டி மட்டும், 'டிப்போவுக்குப் போயிட்டு வராரு, சாப்பிடறாரு' என்று சேதி அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே கூப்பிட்டான். பஸ் சக்கரங்களைப் பற்றிப் பேசினான். அத்தான் எப்படியிருக்கிறார் என்று கேட்டான். பிறகு, "அணைச்சதுக்கப்புறம் ரெண்டு நாள் செங்கல் வெடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா," என்றான். "ஒண்ணொண்ணா. நாங்க வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தோம்."

அவன் பேச்சு நின்ற இடத்தில் ஒரு பெரிய வெறுமை இருந்தது. அவன் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லாமல் அவள் அவனோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

"அக்கா, பின்னாடி சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்டா?"

"பெரியவர் சத்தம்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் வீட்டில் எங்கோ ஒரு குழாய் மூடப்பட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. கேட்கிறது என்று சொன்னால் அவன் நிம்மதியாக மூச்சு விடுவான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"இல்லடா. கேக்கல."

"ம்," என்றான். "எனக்குக் கேக்குது."