இடிகோலின் சிவப்பு நூல்

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அண்ணன் செங்கோடனின் புதுவேட்டிக்குள் துப்பாக்கி இடிகோலைச் செருகிக்கொண்டிருந்தான் ராசு. கண்ணாயி புருசனுக்கு அழுவதை நிறுத்திவிட்டுக் கொழுந்தனின் கையைப் பார்த்தாள்.

“அதெதுக்கு ராசு?”

“அண்ணன் பொழங்குனதுங்க அண்ணி. அவரோடயே குழிக்குப் போயிரட்டுமுங்க.”

விடியக்காலம் குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றியைச் சுடப்போய்த் துப்பாக்கிக் குழல் முகத்திலேயே வெடித்துவிட்டது. தொட்டில் கட்டி மலையிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி ஆசுபத்திரிக்கு இறக்கும் வழியில் உயிர் போயிற்று. வந்த சனமெல்லாம் விதி, விதி என்றது. என்ன பெரிய விதி! செங்கோடனைப் போலத் துப்பாக்கி கெட்டிக்கத் திருப்புலி நாட்டிலேயே ஆள் கிடையாது. மருந்தைக் கொட்டி, தேங்காய் மஞ்சி அடைத்து, ரவையைப் போட்டு, கோலில் கட்டிய சிவப்பு நூல் குழல் வாயைத் தொடும் வரை தள்ளுவான். தொட்டால் ரவை சரியாக உட்கார்ந்தது என்று கணக்கு. மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் குழல் வெடிக்கும்.

அதற்காகவே கதவு நிலையில் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தான். கோலை வாசற்படியில் ஊன்றினால் நூல் கோட்டில் நிற்க வேண்டும். வேற்றாள் தொட்ட கோலை அளக்காமல் எடுக்கவே மாட்டான். இரவல் வாங்கிப் போன துப்பாக்கியையும் கோலையும் ராசு திருப்பித் தந்தது நேற்றுச் சாயங்காலம்.

“அளந்து பாக்கலீங்களா?” என்று கண்ணாயி கேட்கத்தான் செய்தாள்.

“கூடப்பொறந்தவன் குடுத்தத அளப்பாங்களா புள்ள? நல்லா கேட்ட போ!” என்று சிரித்தான் மனுசன்.

கண்ணாயி வேட்டிக்குள் கைவிட்டுக் கோலை உருவினாள். முனை வெள்ளை வெளேரென்றிருந்தது. முறிந்ததைச் சீவி, ஒன்றும் நடக்காதது போல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான் பாவி.

“ஒடஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்த சொல்ல வாயில்லையாடா உனக்கு?”

“அண்ணன் வைவாருன்னு... ரெண்டு வெரலுதானுங்க அண்ணி...”

அவர் உன்னை நம்பினாரேடா என்று கத்த அவளுக்கு வாய் வந்தது. கோலை வாசற்படியில் ஊன்றி நிலையில் சாய்த்தாள். நூல் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அப்படியே விட்டுவிட்டு வந்து புருசன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

பிணம் எடுக்க ஆண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தார்கள். எல்லோரும் துப்பாக்கி பிடிப்பவர்கள்; ராசு இரவல் வாங்கிப் போனதும் தெரிந்தவர்கள். கோலைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள்.

தலைப்பக்கம் தூக்க ராசு குனிந்தான். பங்காளி அர்த்தனாரி அவன் கையை எடுத்து அப்பால் விட்டுவிட்டு, தான் பிடித்துக்கொண்டான்.