ஆசிக்கு ஏந்திய கைகள்

நகரமன்றத்தின் கண்ணாடிகளையெல்லாம் பழைய மேயரைத் துரத்திய கூட்டம் நொறுக்கிவிட்டதால், புது மேயரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்கள் கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். மன்றத் தலைவி சைக்கல் கண்ணை மூடித் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. டாக்டர் எர்மெக் மேயராகிவிட்டால் போதும், தான் போய்ப் படுத்துவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. ஊரில் கை சுத்தமான ஆள் அவன் ஒருவன்தான்.

விதிப்படி சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி வருவதற்குள் ஆட்டுக்கறி வந்துவிட்டது. சாப்பாடு வந்துவிட்டால் எங்கள் கிர்கிஸ் ஆட்களுக்குச் சட்டமாவது ஒன்றாவது!

சாப்பிட்டு முடித்ததும் ஒரு பெரியவர் உள்ளங்கைகளை ஏந்தி, "எர்மெக் தலைமையில ஊர் நல்லா இருக்கட்டும்" என்று ஆசி சொன்னார். பெரியவர் ஏந்தினால் கூடவே ஏந்தாதவன் எங்கள் பக்கம் கிடையாது. அவனை வேண்டாதவர்களும் கை ஏந்தி, முகத்தைத் தடவி, "ஓமின்" என்றார்கள்.

"எல்லாக் கையும் எழும்பியாச்சு அக்கா. ஏகமனசான்னு எழுதிக்குங்க" என்றான் எர்மெக்கின் மச்சான் ஜுமாகாதிர். அவனும் உறுப்பினர்தான்.

"அது ஆசிடா. ஓட்டு இல்ல."

"ஆசி சொன்னப்புறம் பெட்டிய வச்சா பெரியவர் முகத்துல எப்படி முழிக்கிறது? உங்களுக்கும் எர்மெக்தானே வேணும்? எழுதிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

எர்மெக் பதவி ஏற்பதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். அதே மண்டபம், அதே கறி. இந்த முறை ஆசி மணல் வியாபாரி கெனெஷ்பெக்குக்கு. அதே கைகள் ஏந்தின.

"இது செல்லாது. பெட்டி வைக்கணும்" என்றாள் சைக்கல்.

"போன தடவை பெட்டி எங்கக்கா போச்சு? அது செல்லும்னா இதுவும் செல்லும்" என்றான் கெனெஷ்பெக், பல் குத்திக்கொண்டே.

 தன் கையெழுத்தே தன் வாயை அடைத்துவிட்டதை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. இதிலும் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் எர்மெக் நின்றிருந்தான். "மன்னிச்சுடுப்பா" என்றாள்.

"விடுங்க அக்கா. பெட்டி வச்சிருந்தாலும் நான் தோத்துத்தான் இருப்பேன்."

பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த உறுப்பினர் பெக்தூர் நிமிர்ந்து பார்த்தார். கெனெஷ்பெக்கின் கூடப் பிறந்த அண்ணன் அவர்.

"யாரு சொன்னா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "சபையில தம்பிக்குக் கை ஏந்தாம இருக்க முடியுமா? ஆனா சீட்டுல உன் பேரைத்தான் எழுதியிருப்பேன். எங்க ஆளுங்க பாதிப் பேரு அப்படித்தான் இருந்தாங்க."