இருநூற்று இருபதாவது அடி

வடகவுஞ்சி மேலத்தெருவில் ஆழ்துளைக் கிணறு போட்டு ஒரு வருஷமாகியும் ஒரு குடம் நிறைந்ததில்லை. தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் இயந்திரம் 1984 கோடையில்தான் மலையேறி வந்தது. எத்தனையாவது அடியில் பிளப்பது என்று குறித்துக் கொடுக்க வந்தவன் பொறியாளன் மரியசெல்வம்.

முதல் நாள் அவன் செய்தது சமையல். கடல்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றினான். மலைக் குளிருக்கு அது தானே உறைந்தது. அதுதான் அவன் மலை. இரண்டு பக்கம் பலகை வைத்து நெருக்கினான். பள்ளத்துப் பக்கத்தை மட்டும் தளர விட்டான். பிறகு கேசரிப் பவுடர் கரைத்த நீரை ஊசியால் உள்ளே செலுத்தினான்.

இயந்திரக்காரர் கந்தவேல் எட்டிப் பார்த்தார்.

"மலைக்கே ஊசியா சார்? மதினிகிட்ட குடுத்திருந்தா சீனி போட்டு நமக்கும் ஒரு துண்டு கெடச்சிருக்கும்."

"அவ போய் எட்டு மாசமாச்சு."

கந்தவேல் கையிலிருந்த ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கு இல்லை.

தொட்டிக்குள் விரிசல் பள்ளத்தை நோக்கி இறங்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் ஓடியது. அந்தத் திசையில் அறுபது கஜம் தள்ளி, சற்றுத் தாழ்வில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியிருந்த சிலோன் காலனியின் ஊற்று இருந்தது. நூற்று நாற்பதாவது அடியில் பாறை நைந்து கிடந்தது. அங்கே பிளப்பது சுலபம், ஆனால் ஊற்றும் போய்விடும். இருநூற்று இருபதில் பாறை கெட்டி. அங்கே பிளந்தால் விரிசல் ஊற்றை எட்டாமல் ஆழத்திலேயே நின்றுவிடும் என்றது கணக்கு. இருநூற்று இருபது என்று எழுதினான்.

மறுநாள் காலனியிலிருந்து கண்மணி வந்தாள். ஊற்றை அவர்கள் பீலி என்பார்கள்.

"போர்ல தண்ணி வந்தாலும் மேலத்தெருவில எங்க குடத்த வைக்க விடமாட்டாங்க தொரை. எங்களுக்குப் பீலிதான்."

"பீலிக்கு ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டான். இருந்தாலும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் கேசரிப் பவுடரைக் கொட்டிவிட்டுத்தான் பம்பை ஓட்டச் சொன்னான். அழுத்தமானியின் முள் ஏறியது, நின்றது, சட்டென விழுந்தது. பாறை பிளந்துவிட்டது. கந்தவேல் பம்பை நிறுத்தாமல் விரிசலை அகட்டிக்கொண்டிருந்தார். மரியசெல்வம் ஊற்றுக்கு நடந்தான்.

கண்மணி குடத்தோடு நின்றாள். கால்மணி நேரம் தண்ணீர் தெளிவாக வந்தது. பிறகு லேசாக மஞ்சளித்தது. பிறகு கேசரி நிறம்.

அவள் குடத்தைப் பின்னுக்கு இழுத்தாள். அவன் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே மேட்டுக்கு ஓடினான்.

நிறுத்தி, குழாயை இறக்கி இறைத்தபோது போரில் தண்ணீர் கொட்டியது. பஞ்சாயத்துத் தலைவர் சேனாதிபதி மாலையோடு வந்தார்.

"இது புதுத் தண்ணியில்ல. காலனி ஊத்துத் தண்ணி" என்றான் மரியசெல்வம்.

"எந்தத் தண்ணியா இருந்தா என்ன சார்? வந்துச்சுல்ல! கையெழுத்தப் போடுங்க."

அவன் அறிக்கையில் எழுதினான்: நீர் காலனி ஊற்றுடையது. இங்கிருந்து காலனிக்குக் குழாய் போடும்வரை கிணற்றை மூடிவைக்க வேண்டும்.

சேனாதிபதி வாசித்தார். மாலையைக் கந்தவேல் கழுத்தில் போட்டார்.

"பொண்டாட்டிய எழந்த மனுசன். புத்தி நெலையா இல்ல. மேலதிகாரிய நான் பாத்துக்கறேன்."

கிணற்றை யாரும் மூடவில்லை. அவன் மறுபடி கீழே இறங்கினான். பீலியில் நூலாய்த்தான் வந்தது, நிறம் போகவில்லை.

"எப்ப தெளியும் தொரை?"

அவன் கணக்கில் அது இல்லை.

"பாக்கணும்" என்றான்.

கண்மணி குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.