இருமுறை கொடுத்த வீடு

ஒருபுறம் நீலக்கடல் ஓயாது கரையைத் தழுவவும், மறுபுறம் காலி நகர் நோக்கிச் செல்லும் காலி வீதி கடைகளாலும் மக்களாலும் நிறைந்து முழங்கவும், இரண்டுக்கும் நடுவே இருப்புப்பாதை நீண்டு கிடக்கும் தலைநகரத்து வெள்ளவத்தையில், வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிந்த வேளை அது. வடக்கே போர் மூண்டு ஆண்டு பல ஆகியிருந்தமையால் சந்திதோறும் மணல் மூட்டை அடுக்கிய காவலரண்கள் நின்றன. எனினும் பழக்கடைகளில் விலை பேசுவோரின் குரல் சற்றும் தாழவில்லை. அவ்வேளையில்தான் துணி வணிகர் தாஸிம் ஹாஜியார் பள்ளிவாசலில் எழுந்து நின்று, கடலோரச் சிறுதெருவான ஒழுங்கையொன்றில் தமக்கிருந்த வீட்டைத் தாய்தந்தையற்ற பிள்ளைகளின் காப்பகத்துக்கு வக்பாக, மீளப் பெறவியலாத அறக்கொடையாக, அக்கணமே அளித்துவிட்டதாக அறிவித்தார்.

அன்பரீர், மறுமைப் பயன் ஒன்றே அவரை எழுப்பியது என்று எண்ணிவிடாதீர். அவருக்கு இறையச்சம் உண்டு, இரக்கமும் உண்டு. ஆயினும் அன்று அவரை எழுப்பி நிறுத்தியது ஒரு கோழித்துண்டு. முந்திய கிழமைத் திருமண விருந்தில், வழக்கம்போல் அறுவர் கூடி ஒரே சஹனில், அவ்வகன்ற தட்டில், உண்ண அமர்ந்தபோது, அவருடைய சம்பந்தி பௌஸியும் உடனிருந்தார். பௌஸி அக்காப்பகத்தின் பொறுப்பாளர். அண்மையில் தம் கடைகள் மூன்றை வக்பு செய்தவர். அக்கொடையைப் புகழ்ந்துகொண்டே ஏனைய நால்வரும் நல்ல துண்டுகளையெல்லாம் அவர் பக்கமே தள்ளிவிட, தாஸிமின் பக்கம் வெறுஞ்சோறு எஞ்சியது. அச்சோறு அவருக்கு ஒரு கிழமையாகியும் செரிக்கவில்லை.

வாழ்த்துகளில் மிதந்தபடி வீடு வந்தவரை மனைவி ஸைனம்பு கேட்டார்: "வீட்டக் குடுத்தது நல்லம். அதுல வாடகைக்கு இருக்கிற டீச்சர நினைச்சீங்களா?"

"அவங்க பாட்டுக்கு இருப்பாங்க" என்றார் தாஸிம். உண்மையில், அவர் நினைக்கவே இல்லை.

இரு கிழமை கழித்து அந்த ஆசிரியர் கனகேஸ்வரி வந்தார். யாழ்ப்பாணத்தினின்று இடம்பெயர்ந்து, ஓராண்டில் மூன்று வீடு மாறி, இறுதியில் இங்கே மகளோடு ஒதுங்கியவர் அவர்.

"வாற மாசக் கடைசியில வீட்டை விடச் சொல்லிக் காப்பகத்தில இருந்து கடிதம் வந்திருக்கு, ஹாஜியார். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒராள் மூண்டு மடங்கு வாடகை தாறாராம். அது பிள்ளையளுக்குப் போற காசு, நான் குறை சொல்ல ஏலாது. மகளின்ர பள்ளிக்கூடச் சோதினை முடியுமட்டும் ஒருக்காச் சொல்லி விடுவியளோ? வடக்கில இருந்து வந்தாக்களெண்டால் இப்ப ஒருத்தரும் வீடு தரினமில்லை."

அழாமல், கடிதத்தை மடித்தபடி அவர் சொன்ன விதம் தாஸிமின் நெஞ்சை அறுத்தது. அப்போதே அவர் சம்பந்தியிடம் சென்றார்.

"அவங்கள எழுப்பக் கூடாதென்டு ஒரு நிபந்தன போடோணும்."

"குடுக்கக்குள்ளயே அதப் போட்டிருக்கோணும், சம்பந்தி" என்றார் பௌஸி. "நீங்க சபையில வாயால குடுத்து முடிச்சிட்டீங்க. இப்ப அது உங்கட வீடுமில்ல, எங்கட வீடுமில்ல. புள்ளைகள்ட வருமானத்தக் குறைக்க எனக்கு உரிமையில்ல."

அச்சொல்லில் பிழையேதும் இல்லை. கொடுக்கும்போது ஒரே ஒரு வரி கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு தாயும் மகளும் நிலைத்திருப்பர். புகழுக்கு விரைந்த நாவு அவ்வரியை விழுங்கிவிட்டது. அதை நினைந்து தாஸிம் வெட்கினார். பின் நிமிர்ந்தார்.

"அப்ப அந்தக் கடக்காரருக்குக் குடுக்கிறத எனக்குத் தாங்க. அதே வாடகைய நான் கட்டுறன். டீச்சர் பழைய வாடகைய எனக்குத் தரட்டும். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அவங்க இருக்கிற காலத்துக்கு."

பௌஸி அவரை உற்று நோக்கினார். பின்னர், "நானும் அந்த மூணு கடையையும் ஒருத்தர்ட குத்தல் பேச்சப் பொறுக்க ஏலாமத்தான் குடுத்த" என்று மெல்லச் சொல்ல, செல்வர் இருவரும் களவில் அகப்பட்ட சிறுவரைப்போல் விழுந்து விழுந்து சிரித்தனர்.

அடுத்த மாதம் குடிக்கூலியோடு வந்த கனகேஸ்வரியின் முகம் மலர்ந்திருந்தது. "பௌஸி ஹாஜியார் பெரிய மனசுக்காரன். எங்களை இருக்கச் சொல்லிப்போட்டார், வாடகையை முந்தியமாதிரி உங்களிட்டையே குடுக்கட்டாம். ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டன், கோயிலிலயும் அவற்ர பேரில ஒரு அருச்சனை செய்விச்சனான்."

உண்மை தாஸிமின் நுனிநாக்குவரை வந்து நின்றது. உள்ளறையில், எப்படியோ கதையை அறிந்துவிட்ட ஸைனம்பு சிரிப்பை அடக்கும் ஓசை கேட்டது.

"ஓ, டீச்சர்" என்றார் அவர். "நல்ல மனிசன்தான் அவர்."

சொல்லி முடித்தபின், தம் நெஞ்சில் பொறாமையின் சுவடே இல்லாததைக் கண்டு அவரே வியந்தார். பிறர் அறியக் கொடுப்பவனும் கொடையாளனே, பிள்ளைகளின் பசி அதனாலும் தீரும். ஆயினும் தன் கொடையின் புகழ் மற்றொருவன் வாயிலில் போய்ச் சேர, அதைக் கேட்டு மனம் நிறைந்து மகிழும் பேறு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தவனே, கொடுத்தலின் இன்பத்தை முழுதும் அறிந்தவன் ஆவான்.