நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

இணையப் பக்கங்களைக் கட்டுகிறவர்களுக்குப் பட்டன், பட்டியல், பேனல் என்று தேவையானதையெல்லாம் செய்து கொடுப்பதுதான் தங்கையின் வேலை. அதிலும் பேனல் என்றால் அவளுக்கு உயிர். திரையைப் பிரிக்கும் நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் சுருங்கும்.

"ஒரு கோட்டை இழுக்கவா இவ்வளவு நாளா மண்டையை உடைச்சுக்கறே?" என்று அக்கா வாய்க்கு வந்தபடி கேலி செய்வாள்.

அக்கா வானியல் ஆய்வாளர். தொலைநோக்கி அனுப்பும் படங்களோடுதான் அவள் பொழுது போகும். தங்கையின் பேனல்களை ஆய்வகக் கணினிகளில் போட்ட மறுவாரமே அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

"உன் பேனல் என் வானத்தையே நசுக்குதுடி! கோட்டை நகர்த்தினா படமும் கூடவே ஒடுங்குது. பழைய படத்தையும் புதுசையும் எப்படி ஒப்பிடறது?"

தங்கைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் மடிக்கணினியும் கையுமாக ஆய்வகத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். பேனலின் அகலம் மாறினாலும் உள்ளே இருக்கும் படம் இம்மியும் அசையக் கூடாது. திரைச்சீலையை விலக்குவது போல ஒரு படம் விலகி மற்றது தெரிய வேண்டும். சாப்பாட்டைக்கூட மறந்து, மாலைக்குள் ஒருவழியாக முடித்தாள்.

சோதித்துப் பார்க்கக் கைக்குக் கிடைத்த படங்களைத் திறந்தாள். இடப்பக்கம் போன மாதம் எடுத்தது. வலப்பக்கம் நேற்று எடுத்தது, இன்னும் யாரும் பார்க்காதது. இரண்டிலும் சுருள் சுருளாக அதே விண்மீன் மண்டலம். கோட்டை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். சுருளின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்தது. திருப்பித் தள்ளினாள், மறைந்தது.

"அட கஷ்டகாலமே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். திரையைத் துடைத்தாள். நிரலை வரிவரியாகத் துழாவினாள். வேறொரு கணினியில் திறந்தாள். புள்ளி போவேனா என்றது.

"அக்கா, கோவிச்சுக்காதே. ஒரே ஒரு புள்ளி மட்டும் தப்பா வருது. கொஞ்சம் டைம் குடு, சரி பண்ணிடறேன்."

டீக் கோப்பையோடு வந்த அக்கா குனிந்து பார்த்தாள். கோட்டை அவளே இழுத்தாள். ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு, எங்கே வைக்கிறோம் என்றே பார்க்காமல் கோப்பையை விசைப்பலகை மேல் வைத்தாள்.

"தப்பு இல்லடி." அந்தப் புள்ளியை விரலால் காட்டினாள். "அது ஒரு நட்சத்திரம். வெடிச்சிருக்கு."

"எப்போ, நேத்தா?"

"வெளிச்சம் இப்பதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கு. அது வெடிச்சப்போ பூமியில மனுஷங்களே கிடையாது."

மவுஸை நோக்கிப் போன கையைத் தங்கை பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்; தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று இருந்தது.

அந்நேரம் இருட்டியிருந்த வேறொரு நாட்டு ஆய்வகத்தை அக்கா ஃபோனில் பிடித்தாள். அவர்கள் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார்கள். அங்கேயும் தெரிந்தது. முதலில் கண்டது யார் என்று கேட்டார்கள் போல.

"என் தங்கச்சி," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கை எழுந்து வாசலுக்கு வந்தாள். வெளியே இன்னும் இருட்டவில்லை; வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அக்கா வந்து தோளைத் தொடும் வரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றிருந்தாள்.