மீன்சட்டியில் கொதித்த இரும்பு

நான்காவது துளையில்தான் டேப் உடைந்தது. திருகாணிக்கு மரை வெட்டும் கருவி அது. அரைச் சுற்று முன்னால் திருப்பினால், கொஞ்சம் பின்னால் திருப்பிச் சீவலை உடைக்க வேண்டும். மூன்று துளைகளை முடித்த கர்வத்தில் நான் முன்னால் மட்டுமே போனேன். வாழ்க்கையில் வேறெதிலும் நான் அவ்வளவு முன்னேறியதில்லை.

மண்ணூர்பேட்டையில் நானும் பரந்தாமனும் திறந்த பட்டறையின் முதல் சாம்பிள் அந்த அலுமினியப் பெட்டி. சாயங்காலம் ஆர்டர் தர வேண்டிய கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டுப் பழைய முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

"இன்னா மாமே, உள்ளயே உட்டுட்டியா?" என்றான் பரந்தாமன்.

டேப் டிரில்லைவிடக் கெட்டி. துளைக்கப் போனால் டிரில் வழுக்கி அலுமினியத்தைத்தான் தின்னும். தீப்பொறியால் அரித்தெடுக்கும் மெஷின் அடுத்த தெருவில் உண்டு. அன்றைக்குப் பார்த்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க கரண்ட் இல்லை.

"படிகாரத் தண்ணில கொதிக்க வச்சா இரும்பு கரஞ்சிடுமாம். அலுமினியம் அப்படியே இருக்குமாம். ஃபோன்ல பார்த்தேன்," என்றேன்.

"முடி மொளைக்கக்கூட ஃபோன்ல பார்த்துதான் வெங்காயம் தடவுன. மொளச்சிதா?"

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

மளிகைக் கடையில் கிடைத்த படிகாரம் ஒரு சவரத்துக்குத்தான் போதும். பெரிய கல் ஒன்றுதான் இருந்தது: திருஷ்டிக்காகப் பரந்தாமன் மனைவி வசந்தா ஷட்டருக்கு மேல் கறுப்புக் கயிற்றில் கட்டியது. இருவரும் அதைப் பார்த்தோம். பிறகு, சோறு கொண்டுவந்து நின்ற வசந்தாவைப் பார்த்தோம்.

"அதும் மேல கைய வச்சீங்கோ..." என்று ஆரம்பித்தவள், பெட்டியை வாங்கி, உடைந்த டேப் அடைத்திருந்த துளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் ஏறித் தானே கயிற்றை அறுத்தாள். "காவலுக்குத்தான கட்னது? காக்கட்டும். அண்ணாத்தே, இரும்புச் சட்டி வச்சிடாத, அதயும் கரச்சிடப் போவுது. ஊட்ல மீன்சட்டி கீது, எடுத்தாறேன்."

டீ அடுப்பில், படிகாரமும் பெட்டியும் போட்ட மண்சட்டி கொதித்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

"உப்பு போதுமா பாரு மச்சான்," என்றான் பரந்தாமன்.

அப்போது அந்த ஒரு துளையிலிருந்து மட்டும், தலைமுடி மாதிரி மெல்லிய கோடாகக் குமிழ்கள் எழுந்தன. மற்ற மூன்றும் சும்மா கிடந்தன. டிரில்லே தொட முடியாத இரும்பை, சவரம் செய்தவன் கன்னத்தில் தடவும் கல், சத்தமே இல்லாமல் தேடிப்பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டு மூவரும் சட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். சோறு ஆறிப்போனது.

வெயில் சாய்ந்ததும் எடுத்துக் குச்சியால் குத்தினேன். டேப் கறுப்புச் சேறாக வழிந்தது. கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், நான் வெட்டிய வரைக்கும் மரை சுற்றுச் சுற்றாக அப்படியே இருந்தது. இரும்பு போன இடத்தில் வானம் தெரிந்தது.

மீதி மரையை வெட்ட வேண்டும். பரந்தாமன் புது டேப்பை என்னிடமே நீட்டினான். வாங்கி அரைச் சுற்று முன்னால் திருப்பினேன்.

"பின்னால, அண்ணாத்தே. பின்னால," என்று வசந்தா ஒவ்வொரு திருப்பலுக்கும் சொன்னாள்.

கம்பெனிக்காரர் நான்கு துளையிலும் திருகாணியை விரலாலேயே இறக்கிப் பார்த்தார். "ஆரம்பிச்சிடுங்க," என்றார். போகும்போது ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். "புதுப் பட்டறை. திருஷ்டிக்கு ஒண்ணும் கட்டலியா?"

நாங்கள் மூவரும் மீன்சட்டியைப் பார்த்தோம்.