நாலு தூணுக்கு நாலு கிலோ

போன வருசம் எங்கள் பழைய வீட்டு மேல்தட்டிலிருந்து தலையணை அளவு கொங்கிறீற் பெயர்ந்து, என் மகள் தூங்கும் ஏணைக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே இருந்த கம்பி துருவேறி ஊதிக் கிடந்தது. கல்முனைக் கடற்கரையில் கட்டிய வீடு; உப்புக்காற்று கம்பியைத் தின்றிருந்தது. புது வீட்டிலாவது என் பிள்ளை பயமில்லாமல் தூங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அதற்காகத்தான் கொழும்பிலிருந்து துருத்தடுப்பு மருந்து எடுப்பித்தேன். கலவையோடு சேர்த்தால் கம்பியைப் பல காலம் காக்குமாம். மேசன் நளீர் நானா சிரித்தார்.

"கொங்கிறீற்றுக்கும் மருந்து குடுக்கிறீங்களா தங்கச்சி?"

சிரிக்கட்டும். கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர் என்பதால், கலவைக்குப் பைப் தண்ணீரைத்தான் பரல் பீப்பாயில் நிரப்ப வைத்தேன். மணலைக்கூட உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

லுஹர் தொழுது சாப்பிட்டு வந்து, கடல் பக்கத்து நாலு தூணுக்கும் கொங்கிறீற் போட்டார்கள். முடிகிற நேரம் உம்மா பிளேன்டீயோடு வந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இனி ஒண்டுக்கும் பயமில்ல மகள். ரோட்டால போற எல்லார்ர கண்ணும் இந்த ஊட்டுலதான் இரிக்கி. ஆக்கள் சாப்பிடப் போன நேரம் உப்ப ஊட்டச் சுத்தி, பரல் தண்ணியில கரைச்சிட்டன்."

"எவ்வளவு உம்மா?"

"தூணுக்கு ஒரு கிலோப்படி நாலு பைக்கட். உப்புக் கரைய கண்ணூறும் கரைஞ்சிரும்."

கண்ணூறு கழிக்க உம்மா எப்போதும் ஒரு பிடி உப்பைத்தான் கோப்பையில் கரைப்பார். வீடு பெரிது என்று கழிப்பையும் பெரிதாகச் செய்திருக்கிறார்! அப்பால் போய், மருந்து விற்ற கடைக்குப் போன் எடுத்தேன்.

"வெளியால வாற உப்பத்தான் அது தாங்கும். உள்ளுக்கே இவ்வளவு கலந்தா சரிவராது. இறுக முந்தி உடைச்சிருங்க."

விசயத்தைக் கேட்ட நளீர் நானா இந்த முறை சிரிக்கவில்லை. தூணைச் சுற்றி அடித்த பலகையைக் கழற்றி அலவாங்கால் இடித்தார். முதல் தூண் பொலபொலவென்று சரிந்தது. பேத்திக்காகச் செய்த மனுசிக்கு இதை எந்த வாயால் சொல்வேன்?

வெறுங்கோப்பைகளோடு திரும்பிப் போயிருந்த உம்மா, சத்தம் கேட்டு ஓடிவந்து, சரிந்து கிடந்த தூணைப் பார்த்துத் தலையில் கையை வைத்தார்.

"யா அல்லாஹ்! பாத்தியா மகள், கண்ணூறு எவ்வளவு பொல்லாததெண்டு? நாலு கிலோவும் பத்தாமப் போச்சே!"

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் உப்பு வாங்கக் கடைக்கு விறுவிறுவென்று நடந்தார்.